கரடிக்குப் பயந்து பூட்டிய எண்ணெய்

நீலகிரி மலையில் காட்டெருமைக்கு வணக்கம் வைத்துவிட்டு, பதில் வணக்கத்துக்காக நின்று பார்க்கும் ஒரே மனிதர் எங்கள் மப்ளர் அண்ணன்தான். சந்தேகம் உள்ளவர்கள் விடியற்காலையில் அருவங்காட்டுக்கு வந்து எங்கள் தெரு வளைவில் நின்று பார்க்கலாம். தயவுசெய்து ஓரமாக நிற்கவும். நடுவில் நின்றால், காட்டெருமைக்கு வழி மறித்ததற்காக உங்களுக்குத்தான் திட்டு விழும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. பேக்கரியிலிருந்து, டீயில் தொட்டுத் தின்னும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும் டீக்கடைகளுக்கெல்லாம் போடுவது அவர் வேலை. மழை, வெயில், கல்யாணம், கருமாதி எதுவானாலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். அதன் நிறம் பச்சை என்று அவர் சொல்வார். அழுக்கு என்று என் அம்மா சொல்வாள்.

அந்த மப்ளருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எங்கள் தெருவில் நெடுநாள் ஆராய்ச்சி. கரடி பிறாண்டிய தழும்பு என்று ஒரு கட்சி. பழைய காதலியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்று இன்னொரு கட்சி. கழுத்தே கிடையாது, தலை நேரடியாக மப்ளர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது என் அப்பாவின் கட்சி. மப்ளரின் ஒரு முனைதான் அவருடைய பீரோ. சில்லறை, சாவி, இருமலுக்கு ஒரு துண்டு சுக்கு எல்லாவற்றையும் அதில் வைத்து முடிச்சுப் போட்டிருப்பார்.

விலங்குகள் விஷயத்தில் அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. தெரு வளைவு வந்தால் கை தட்ட வேண்டும். அந்தப் பக்கம் யாராவது நின்றால், அவர் கரடியாக இருந்தாலும் சரி, நாம் வருவது தெரிய வேண்டும். பொழுது சாய்ந்தால் எண்ணெய், நெய் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். எங்கள் மேட்டுக் கோயிலில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு, திரியைக்கூட நக்கி வைத்துவிட்டுப் போன கரடி உண்டு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் மப்ளர் அண்ணன் பையில் சோப்பு, சீப்புக்கு முன்னால் ஒரு பூட்டு ஏறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே மரியாதை. ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்ட என் அப்பா காய் வாங்கிக்கொண்டு வந்தால், வீட்டு வாசலில் ஒரு காட்டெருமை. அப்பா முருங்கைக்காய்க் கட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து மப்ளர் அண்ணன் வந்தார். காட்டெருமையின் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று அதனிடம் பேசினார்.

"ஏனுங்க, பெரியவரு காய் வாங்கிட்டு வந்து நிக்கறாருங்க. நீங்க சித்தெ அக்கட்டால போனீங்கன்னா அவரு ஊட்டுக்குள்ள போவாருங்க."

அது பெருமூச்சு விட்டுவிட்டு, தேயிலைச் சரிவில் இறங்கிப் போனது.

"நீ சொன்னது அதுக்குப் புரிஞ்சுதா?" என்றார் அப்பா.

"அதெப்படிங்க புரியும்? போறதுக்கு வழி இருந்துது, போயிருச்சு. மருவாதியாப் பேசுனா நமக்குக் கை காலு உதறாது. அதுக்குத்தானுங்க பேசறது."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் என் நிச்சயதார்த்தத்துக்குத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனோம். கூட்டிப்போனோம் என்பது சும்மா மரியாதைக்கு. வேன் வந்து நின்றபோது அவர்தான் ஜன்னல் சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார், மடியில் வர்க்கி டின்னோடு.

எனக்குப் பெண் அமைவது லேசான காரியமாக இருக்கவில்லை. குளிர் என்று ஒரு பெண் வீட்டார் நழுவினார்கள். மலை ஏறினால் தலை சுற்றும் என்று இன்னொரு வீட்டார் மேட்டுப்பாளையத்தோடு திரும்பினார்கள். கடைசியில் உறவினர் ஒருவர் மூலம் தூத்துக்குடி மாரிச்செல்வி வந்தாள். போனில் பேசினோம். கடற்கரை ஊர்க்காரிக்குக் குளிரில் ஆசை, எனக்கு அவள் பேச்சில் ஆசை. அவள் "என்ன செய்தீய?" என்று கேட்டால், சும்மா இருந்தவன்கூட ஏதோ பெரிய வேலை செய்துகொண்டிருந்ததாக நினைத்துக்கொள்வேன். இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

இடைஞ்சல் அவள் அம்மா ரூபத்தில் வந்தது. குன்னூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில் கரடி ஒன்று ரேஷன் வாங்கப் போவதுபோல் நிதானமாக நடந்து போகும் வீடியோவை யாரோ அவர் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். "கரடி நடமாடுத ஊருக்கு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று அத்தை சொல்லிவிட்டார். அது எங்கள் தெருவே இல்லை என்று என் அம்மா சத்தியம் செய்த பிறகுதான் நிச்சயத்துக்கு நாள் குறித்தார். சத்தியம் உண்மைதான். அது அடுத்த தெரு.

எனவே வேன் மலையிறங்கிப் பர்லியாறு தாண்டும்போது அம்மா எல்லோரையும் பார்த்து ஆணையிட்டாள். திரும்பி வரும்வரை யார் வாயிலும் விலங்கு என்ற சொல்லே வரக்கூடாது. சொல்லும்போது பார்த்தது எல்லோரையும் அல்ல, மப்ளர் அண்ணனை மட்டும்தான்.

"நானெதுக்குங்கக்கா சொல்றேன்? இந்த வாய்ல பூட்டுப் போட்டாச்சுங்க" என்றார் அவர்.

தூத்துக்குடியில் இறங்கியதும் வெயில் எங்கள் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியது. மப்ளரிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. லாட்ஜிலிருந்து பெண் வீட்டுக்கு நடக்கும் தூரம்தான். முதல் தெரு முனை வந்தது. பழக்கம் விடுமா? மப்ளர் அண்ணன் ஓங்கிக் கை தட்டினார். முனையில் இருந்த டீக்கடைக்காரர், "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி" என்று எல்லோருக்கும் டீ கொண்டுவந்துவிட்டார். குடித்தோம். அடுத்த முனையில் மறுபடியும் கை தட்டினார். அங்கே பூட்டிக்கொண்டிருந்த பரோட்டாக் கடையைத் திரும்பத் திறந்தார்கள். பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எங்களுக்கு வயிறு நிரம்பிவிட்டது.

அங்கே தட்டு நிறைய அந்த ஊர் முந்திரி மக்ரூன் வைத்தார்கள். மப்ளர் அண்ணன் ஒன்றை வாயில் போட்டார். முகத்தில் திகைப்பு. இன்னொன்றைப் போட்டார். வாயைத் திறந்து அப்பாவிடம் காட்டினார்.

"ஏனுங்க, போட்டனுங்க. காணோமுங்க!"

பதிலுக்கு அவர் வர்க்கி டின்னைத் திறந்து நீட்டினார். பெண்ணின் அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, "சத்தம் நல்லாருக்கு" என்றார். எங்கள் ஊர் வர்க்கிக்கு இப்படி ஒரு பாராட்டு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பெண்ணின் அப்பா, என் மாமா, நல்ல மனிதர். எங்கள் ஊரைப் பற்றி மனைவி பயப்படுவதைப் பார்த்து, தங்கள் ஊரிலும் விலங்கு உண்டு என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, மத்தியானம் எங்களை வல்லநாட்டுப் பக்கம் மான் பார்க்கக் கூட்டிப்போனார். முள்ளுக் காட்டையும் பாறையையும் பார்த்தபடி வெயிலில் நின்றோம். தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் தலையைத் தூக்கியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. எங்களைக் கண்டதும் ஒரே துள்ளலில் மறைந்துவிட்டது.

மப்ளர் அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. "என்னுங்க இது, ஒரு வணக்கம் வெக்கறதுக்குள்ள ஓடிருச்சு? எங்கூர்லயெல்லாம்..." என்று தொடங்கினார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

"உங்க ஊர்ல என்ன அண்ணாச்சி?" என்றார் மாமா.

"எங்கூர்ல ஒண்ணுமே இல்லீங்க! காக்காகூட இல்லீங்க. எறும்பு பாக்கோணும்னாக்கூடக் கோயமுத்தூர் போகோணும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மறுநாள் விருந்துக்காகப் பெண் வீட்டுப் பின்கட்டில் எண்ணெய் டின்களை இறக்கினார்கள். வாசலில் பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து வேலை செய்தோம். மப்ளர் அண்ணனை யாரும் கவனிக்கவில்லை. அவரைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பது எங்களுக்கே மறந்துவிட்டது.

காலையில் நாங்கள் பட்டும் வேட்டியுமாகப் போய் நின்றபோது, சமையல்காரர் கரண்டியோடு ஆடிக்கொண்டிருந்தார். "எண்ணெயக் காங்கல! ஒரு சொட்டு இல்ல! நான் எத வச்சு வடை சுட?"

பின்கட்டு, கிணற்றடி, மாடி என்று எல்லா இடமும் தேடினார்கள். நாங்கள் முதல் நாளே கொண்டுவந்து கொடுத்த நிச்சயச் சாமான்கள் இருந்ததால், ஸ்டோர் ரூமை வீட்டில் யாரோ பூட்டியதாக நினைத்து விட்டுவிட்டார்கள். மாரிச்செல்வியின் சித்தப்பா ஒருவர் பந்தல்காரர்மேல் சந்தேகப்பட, பந்தல்காரர் பந்தலைப் பிரிக்கப் போக, பெரிய ரகளையானது. மப்ளர் அண்ணன் காபியை நிதானமாக ஆற்றிக்கொண்டே வந்தார்.

"எண்ணெயைத் தேடறீங்களா? நாந்தானுங்க எடுத்து ஸ்டோர் ரூம்ல வெச்சு, நம்ம பூட்டைப் போட்டுப் பூட்டுனனுங்க."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார் அத்தை.

"பொழுதோட எண்ணெயை வெளிய உடலாமுங்களா? கரடி வந்துருமுங்களே!"

சமையல்காரரின் கரண்டி ஆட்டம் நின்றது. அத்தை என் அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த வீடியோ உங்க தெருதானா?"

அம்மா பதில் தேடுவதற்குள் மப்ளர் அண்ணன் முந்திக்கொண்டார். அவருக்கு உதவி செய்யும் எண்ணம்தான். "சேச்சே, இல்லீங்க. அது அடுத்த தெருங்க. எங்க தெருவுக்கு வர்றது அதைக் காட்டியும் பெரிசுங்க."

அத்தை அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். "நிச்சயம் வேண்டாம். வந்தவங்க காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் வாழைமரத்தை அவிழ்க்கச் சொல்வதற்காகப் போனார். மாரிச்செல்வி பட்டுப்புடவைக்குக் காத்திருந்தபடி சாதாரணப் புடவையில் அறைக் கதவருகே நின்றாள். நிச்சயப் புடவையும் மோதிரமும் தட்டுகளும் அந்த ஸ்டோர் ரூமில்தான் இருந்தன. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மப்ளர் அண்ணனைக் கடித்துத் தின்னலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாசலில் அலறல் கேட்டது.

போய்ப் பார்த்தால், வாழைக்குலையைத் தின்ன ஒரு கோயில் காளை வந்திருக்கிறது. அந்தத் தெருவையே ஆண்டுகொண்டிருந்த காளையாம். திமில் மட்டுமே ஒரு மூட்டை இருக்கும். அவிழ்க்கப் போன அத்தை சுவருக்கும் காளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். தெரு முழுக்கக் கம்போடும் துடைப்பத்தோடும் திரண்டு நின்று, "ஏய் போ! போ!" என்று கத்தியது. காளை தலையை ஆட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொம்பு அத்தையின் புடவையை உரசியது. மாமா கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினார்.

டப் டப் என்று கைதட்டல் கேட்டது. மப்ளர் அண்ணன்.

"எல்லாரும் சித்தெ சும்மாருங்க! மாமா, கம்பைக் கீழ போடுங்க. அவரு போற வழியெல்லாம் நாம அடைச்சு நின்னுக்கிட்டு, போ போன்னா எங்கீங்க போவாரு? அத்தன பேரும் இந்தப் பக்கம் வாங்க."

அவர் குரலில் என்ன இருந்ததோ, தெரு ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவர் காளையின் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாகப் போனார்.

"ஏனுங்க, வணக்கமுங்க. குலை உங்களுதேதான், யாரு வேண்டாம்னாங்க? அம்மா பயந்து போயிருக்கறாங்க. நீங்க சித்தெ அக்கட்டால வந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"அதுக்கு அந்தப் பாஷை புரியாது அண்ணாச்சி!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

காளை தலையைத் திருப்பியது. எத்தனையோ வருடமாக வர்க்கித் தூள் உதிர்ந்து ஊறிய மப்ளர் அதன் மூக்கருகே தொங்கிக்கொண்டிருந்தது. முகர்ந்தது. வாழைக்குலையை மறந்தது. மப்ளரின் முனையைப் பிடித்து இழுத்தது. மப்ளர் அண்ணன் இழுக்கவில்லை. மெதுவாகச் சுற்றிச் சுற்றி, முழு மப்ளரையும் கழுத்திலிருந்து விட்டுக்கொடுத்தபடியே பின்னால் நகர்ந்தார். காளையும் கூடவே சுவரை விட்டு நகர்ந்தது. அத்தை உள்ளே ஓடிவந்து மாரிச்செல்வியைக் கட்டிக்கொண்டார். காளை மப்ளரை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு, திறந்திருந்த வழியில் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

தெரு கைதட்டியது. நாங்கள் அருவங்காட்டுக்காரர்கள் மட்டும் கைதட்ட மறந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து! தழும்பு இல்லை, பச்சை இல்லை. வெள்ளை வெளேரென்று, பிறந்த குழந்தையின் கழுத்து. மப்ளர் அண்ணன் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டார். கொளுத்துகிற தூத்துக்குடி வெயிலில் சொன்னார்.

"குளுருதுங்க."

அத்தை தண்ணீர் குடித்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, உங்க வீடு இவுக வீட்டுக்குப் பக்கமா?"

"பக்கத்து ஊடுங்க. நடுவுல ஒரு செவுருதான்."

"அங்கயும் இப்படித்தான் செய்வீயளா?"

"தெனமும் அந்த வளைவுல கை தட்டிட்டுத்தானுங்க போறேன். பாப்பா வந்தா இன்னும் ஓங்கித் தட்டறனுங்க. ஆனா பொய் சொல்லக் கூடாது பாருங்க. கரடி வருமுங்க. வந்தா வழி உட்டுட்டுக் கதவைச் சாத்திக்கோணும். அவ்வளவுதானுங்க."

அத்தை மகளைப் பார்த்தார். மாரிச்செல்வி, "எனக்குப் பயம் இல்லம்மா. இவுக அங்கதான இருக்காவ" என்றாள். அவள் சொன்ன 'இவுக' நானா மப்ளர் அண்ணனா என்று இன்றுவரை கேட்கத் துணிந்ததில்லை.

"எண்ணெய எடுத்துக் குடுங்க அண்ணாச்சி, அடுப்பப் பத்த வைக்கணும்" என்றார் அத்தை.

எனக்குக் கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும்போல் இருந்தது. மப்ளர் அண்ணன் பெருமையாகச் சாவியை எடுக்க மப்ளர் முனைக்குக் கையைக் கொண்டுபோனார். கை வெறும் கழுத்தில் போய் நின்றது.

சாவி காளையோடு போய்விட்டது!

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் சித்தப்பா. நல்ல காரியத்தன்று பூட்டை உடைக்கக் கூடாது என்றார் அத்தை. அதற்குப் பிறகு நடந்ததைத் தூத்துக்குடிக்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். முன்னால் காளை. பின்னால் கைதட்டிக்கொண்டே, "ஏனுங்க, சாவிங்க! மப்ளரை நீங்களே வெச்சுக்கோங்க, சாவிய மட்டும் குடுத்துருங்க!" என்று மப்ளர் அண்ணன். அவர் பின்னால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளையான நான். எனக்குப் பின்னால் மாமா, சித்தப்பா, நேற்றைய டீக்கடைக்காரர், தவில்காரர், அப்புறம் ஊரே. ஒரு முனையில் காளை மிரள, தெருவே ஒரு குரலில், "யாரும் கத்தாதீய, வழிய விடுங்க!" என்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் துடைப்பம் ஓங்கிய அதே தெரு!

உப்பு லாரிகள் நிற்கும் இடத்தில் காளைக்கு மப்ளர் சலித்துவிட்டது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துப்பியது. மீதியில்தான் முடிச்சு இருந்தது, முடிச்சுக்குள் சாவி. பக்கத்தில் சுக்குத் துண்டும் பத்திரமாக இருந்தது. டீக்கடைக்காரர் மப்ளர் அண்ணனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தவில் முழங்க, சாவியை உயரப் பிடித்தபடி அவர் தெருவுக்குள் வந்த வருகை எந்த மாப்பிள்ளைக்கும் வாய்க்காது. எனக்கு வாய்க்கவில்லை, நான் பின்னால் நடந்துதான் வந்தேன். பூட்டு திறந்தது. வடை சுட்டார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் மாரிச்செல்வி கையில் மோதிரம் ஏறியது.

கல்யாணத்துக்கு அத்தை ஊர் முழுக்க அலைந்து ஒரு பச்சை மப்ளர் வாங்கிவந்தார். தூத்துக்குடியில் மப்ளர் தேடுகிறவரைக் கடைக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. மப்ளர் அண்ணன் அதற்கு அடியில் அந்தப் பாதியையும் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் அத்தை இப்போதெல்லாம் தூத்துக்குடித் தெரு முனையிலும் கை தட்டுகிறாராம். டீ வந்தால் குடித்துவிடுகிறாராம்.

இங்கே சாயங்காலம் வளைவில் கைதட்டல் கேட்டதும் மாரிச்செல்வி எண்ணெய் பாட்டிலை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, டீக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கூட ஊற்றுவாள். பனி இறங்கி, நேரமாகியும் சத்தம் வராத நாட்களில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வளைவு வரை போய் நின்று நானே கை தட்டுவேன். பனிக்குள்ளிருந்து பதிலுக்கு டப் டப் என்று கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.